பிஸ்கோச்சோ ஒலிவெரா, நான்காம் வகுப்பு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு குதிரை நான்காம் வகுப்பு படித்தது. வருகை நூற்றுக்கு நூறு, கணக்கில் முதலிடம். இதைச் சொல்ல ஆரம்பித்தால் ஊரில் சிலர் "வந்துட்டாய்யா" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். தள்ளட்டும். நான் சொன்ன கதைகளில் சில கொஞ்சம் நீண்டுதான் போயிருக்கின்றன. காற்றடித்து ஆடு ஒன்று அடுத்த மாவட்டத்தில் போய் விழுந்து, அங்கேயே குட்டி போட்டு, குட்டிகளோடு நடந்து திரும்பியது என்று சொன்னதில் குட்டிகள் மட்டும் நான் சேர்த்தவை. ஆனால் குதிரை விஷயத்தில் அரசாங்க முத்திரை குத்திய சான்றிதழே இருக்கிறது.

குதிரையைவிட முக்கியம் அதன் ஆசிரியை நெலிதா பெந்தன்கோர். இருபத்தாறு வயதில் எங்கள் ஊர் பாஸோ சிங்கோலோவுக்கு வந்தாள். ஒரே அறை, ஆறு வகுப்பு, ஒரே ஆசிரியை. தகுவரெம்போ மாவட்டத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் புல்வெளி நடுவே தனித்தனியாக நிற்கும். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாது. நெலிதா திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூடத்தின் பின்னறையிலேயே இருப்பாள். வெள்ளி சாயங்காலம் பேருந்து ஏறி நகரத்திலிருக்கும் வீட்டுக்குப் போவாள். பேருந்தை ஓட்டுவது அவள் கணவன் ரூபன். முப்பது வருடமாக அவர்களுடைய சண்டை சமாதானம் எல்லாம் அந்தப் பேருந்திலேயே நடந்ததால், அந்தத் தடத்தில் போகிற எல்லோருக்கும் அவர்கள் குடும்ப விவகாரம் அத்துப்படி.

அரசாங்கம் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்த வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லாரியில் வந்து இறங்கின. நெலிதா ஒன்றை எடுத்தாள், திருப்பினாள், குலுக்கினாள், மூடியைத் திறக்க வரவில்லை. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாங்கி ஒரே சொடுக்கில் திறந்துவிட்டாள். வேறு ஆசிரியையாக இருந்தால் "எனக்குத் தெரியும், உன்னைச் சோதிச்சேன்" என்று சமாளித்திருப்பாள். நெலிதா அந்தப் பிள்ளையின் கழுத்திலிருந்த நீல நாடாவை அவிழ்த்தாள். எங்கள் நாட்டுப் பிள்ளைகள் வெள்ளை அங்கியின்மேல் பெரிய பூவைப்போல முடிச்சுப் போட்டுக் கட்டுவார்களே, அந்த நாடா. அதைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"இப்ப நீதான் டீச்சர். மெதுவா சொல்லிக்குடு. என் மண்டையில ஏற கொஞ்சம் நேரமாகும்."

அன்றிலிருந்து அது பள்ளியின் சட்டமாயிற்று. யார் கற்றுக்கொள்கிறார்களோ அவர்கள் கழுத்தில் நாடா. வெள்ளிக்கிழமைகளில் முதல் அரை மணி நேரம் நாடா நெலிதாவுக்கு.

இணையம் வந்ததும் பள்ளி வேலிதான் ஊரின் மையமாகிவிட்டது. மாடு மேய்க்கிற ஆட்கள் சாயங்காலம் குதிரையோடு வேலி ஓரம் வரிசையாக நின்று காதலிகளுக்குச் செய்தி அனுப்புவார்கள். இணையம் இலவசம், ஆனால் அனுப்புமுன் நெலிதாவிடம் காட்டி எழுத்துப்பிழை திருத்திக்கொள்ள வேண்டும். இதனால் ஊரில் இரண்டு கல்யாணம் நடந்தது, ஒன்று நின்றது. தலைநகர் மொந்தெவிதேயோவிலிருந்து ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியை செவ்வாய்தோறும் திரையில் வருவாள். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கேட்பார்கள். நெலிதா குடுவையில் மாத்தே என்கிற எங்கள் நாட்டு மூலிகைத் தேநீரைக் குடித்துக்கொண்டிருப்பாள். எதிரே ஆள் இருக்கும்போது தான் மட்டும் குடிப்பது எங்களூரில் பெரிய மரியாதைக்கேடு. ஆகவே ஒரு முறை தான் உறிஞ்சினால் அடுத்த முறை வெந்நீர் ஊற்றிக் குடுவையைத் திரைக்கு முன்னால் வைப்பாள். ஆங்கில ஆசிரியை "நன்றி" என்று சொன்ன பிறகுதான் திரும்ப எடுப்பாள்.

ஒரு மார்ச் மாதம், பள்ளி திறந்த வாரத்தில், கடிதம் வந்தது. மாணவர் எண்ணிக்கை ஆறு. டிசம்பருக்குள் ஏழாகாவிட்டால் பள்ளி மூடப்படும். பிள்ளைகள் முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி நகரப் பள்ளிக்குப் போக வேண்டும். நெலிதாவுக்கு நகர அலுவலகத்தில் வேலை: கணினி பழுது என்று போன் செய்பவர்களுக்குப் பதில் சொல்வது.

"உனக்குப் பொருத்தமான வேலைதானே. முதல்ல அணைச்சுட்டுத் திருப்பிப் போடுங்கன்னு சொல்லணும், அவ்வளவுதான்" என்றேன்.

"சிரிக்காதீங்க. நான் போன்ல பேசிட்டிருப்பேன், இந்தச் சின்னதுங்க விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுந்து பேருந்து ஏறும். மழைக்காலத்துல எதுவும் போகாது. ரெண்டே வருஷத்துல படிப்பை விட்டுரும்" என்றாள். நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

அவள் சொன்ன மழை ஜூனில் வந்தது. எங்களூரில் மழை பெய்தால் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எங்கும் போகமாட்டார்கள். மாவு பிசைந்து, நடுவில் ஓட்டை போட்டு, மாட்டுக்கொழுப்பில் தோர்த்தா ஃப்ரீத்தா பொரித்து, சன்னலோரம் உட்கார்ந்து தின்பார்கள். மழையில் பள்ளிக்கு வந்த பிள்ளையை ஊரே பரிதாபமாகப் பார்க்கும்: பாவம், இவங்க வீட்டில் மாவு இல்லை போலிருக்கிறது. முன்பெல்லாம் நெலிதா இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவாள். இப்போது முடியாது. வருகைப்பதிவைக் கணினியே எடுத்தது. இணைப்பில் வந்தால் வந்ததாகக் கணக்கு. ஆறில் மூன்று பேர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிவெராவின் பிள்ளைகள். ஓடை பெருகியது, அம்மா அனுப்பவில்லை, வீட்டில் இணையம் இல்லை. மூன்று வாரத்தில் திரை சொன்னது: செயல்படும் மாணவர்கள், மூன்று.

பிள்ளைகள் வரவில்லை, குதிரை வந்தது.

பிஸ்கோச்சோ என்று பெயர். இரண்டு வருடமாக அந்த மூவரையும் ஒரே முதுகில் சுமந்து ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு வந்து பழகியது. பதினொரு மணிக்கு நெலிதா ஒரு துண்டு ரொட்டி கொடுப்பாள். பிள்ளைகளை ஏற்றாவிட்டால் என்ன, ரொட்டி ரொட்டிதானே. வெள்ளத்தில் நீந்தி, வெறும் சேணத்தோடு, சரியாக ஒன்பதுக்கு வாசலில் வந்து நின்றது. வரும் வழியில் சேணப்பையில் இரண்டு மீனையும் பிடித்துவந்தது என்று நான் சொல்வதுண்டு. அதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

நெலிதா அதைப் பார்த்தாள். அலமாரியில் சும்மா கிடந்த ஒரு பெட்டியையும் பார்த்தாள். தொலைபேசிக் கோபுரத்திலிருந்து இணையம் பிடித்துத் தருகிற பெட்டி, அவசரத்துக்கென்று கொடுத்தது. ஒலிவெரா வீட்டுக்குப் பின்னால் மேட்டிலிருக்கும், ஆட்டுரோமம் வெட்டும் கொட்டகையில் வைத்தால் நன்றாக வேலை செய்யும். குதிரையின் இரவுத் தங்கலும் அங்கேதான். பெட்டியை உரச்சாக்கில் நாலு சுற்றுச் சுற்றிச் சேணத்தின் உச்சியில் கட்டி, ரொட்டியைக் கொடுத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். குதிரை வீட்டுக்குப் போயிற்று. பதினொன்றரைக்குத் திரையில் மூன்று முகங்கள் தெரிந்தன.

"டீச்சர்! தெரியுதா டீச்சர்?" மூத்தவள் மலேனா கத்தினாள்.

"தெரியுது, தெரியுது. உன் தம்பி வாயைத் தொடைக்கச் சொல்லு. தோர்த்தா ஃப்ரீத்தாவும் தெரியுது."

தினமும் காலையில் குதிரை பெட்டியைக் கொண்டுவரும். நெலிதா மின்னேற்றித் திருப்பி அனுப்புவாள். முதல் நாள் அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. பெட்டியோடு சேர்ந்தே ஒரு மடிக்கணினி. அதை ஒரு மாணவர் பெயரில் பதிந்தால்தான் பெட்டி உயிர்பெறும். பட்டியலிலிருந்த ஆறு பெயர்களுக்கும் ஏற்கெனவே மடிக்கணினி இருந்தது. ஒரு பெயருக்கு இரண்டு கூடாதென்று இயந்திரம் மறுத்தது. அதைச் சுமப்பது யார்? பிஸ்கோச்சோ. அவள் அப்படியே பதிந்தாள். குடும்பப்பெயர், ஒலிவெரா. பிறந்த தேதி கேட்டது. நெலிதாவுக்குப் பொய் வராது. குட்டி பிறந்த உண்மையான தேதியைப் போட்டாள். ஒன்பது வயது என்று கணக்கிட்ட இயந்திரம் அதுவாகவே நான்காம் வகுப்பில் சேர்த்துக்கொண்டது.

மறுநாள் திரையில் பச்சைநிற எழுத்தில் வந்தது: வாழ்த்துகள். ஏழு மாணவர்கள். மூடும் உத்தரவு நிறுத்திவைக்கப்படுகிறது.

நெலிதா மாத்தேக் குடுவையோடு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது.

"நான் அரசாங்கத்தை ஏமாத்திட்டேன்."

"குதிரைதான் ஏமாத்திச்சு. நீ ஏன் பதறுற?"

"இப்பவே நீக்கப்போறேன்."

நீக்கப் பார்த்தாள். மாணவரை நீக்கப் பெற்றோர் கையொப்பம் வேண்டும் என்றது இயந்திரம். ஒலிவெராவைத் திரையில் கூப்பிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் திரை முன்னால் உட்காருவார்.

"அதோட அம்மா செத்து நாலு வருஷமாச்சு டீச்சர். அப்பன் யாருன்னு எனக்குச் சத்தியமா தெரியாது. பக்கத்துப் பண்ணைக் கறுப்புக் குதிரைமேல ஒரு சந்தேகம், அவ்வளவுதான்."

"ஒலிவெரா அண்ணே, விளையாடாதீங்க. கையெழுத்துப் போடுங்க."

"போட்டா பள்ளிக்கூடத்தை மூடுவாங்க. நான் படிக்காதவன், எனக்குக் கையெழுத்தே வராது." ஆட்டு ரோம வியாபாரத்தில் முப்பது வருடமாகக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

நெலிதா நடந்ததை நடந்தபடி கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டாள். உங்கள் கோரிக்கை வரிசையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு வரிசை நகரவேயில்லை.

ஜூலையில்தான் விசித்திரம் ஆரம்பித்தது. பிஸ்கோச்சோ ஒலிவெராவின் பெயரில் வீட்டுப்பாடம் வந்தது. முதல் வாரம் கூட்டல், அடுத்த வாரம் பெருக்கல், பிறகு பின்னம். இயந்திரம் நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து என்று மதிப்பெண் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வைத்தது. வேலியோர ஆட்களுக்குக் கொண்டாட்டம். "நம்ம ஒலிவெரா வீட்டுல படிச்சது அது ஒண்ணுதான்யா" என்றார்கள்.

"மலேனா, இதை யாரு போடுறது?" என்று நெலிதா கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் டீச்சர். அது ராத்திரி பகலா படிக்குது" என்றாள் மலேனா, கண்ணைச் சிமிட்டாமல். எனக்குப் பிடித்த பெண்.

அன்று மாலை நெலிதா என் சமையலறையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, நட்சத்திரங்களை விட்டுவிட்டுப் பிழைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பழக்கம் அது. சரியான விடை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான், தப்பு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு என்பாள்.

"பாருங்க. ஏழெட்டு வர்ற எடத்துல எல்லாம் ஐம்பத்திநாலு. மலேனா ஏழெட்டுல தப்பவே மாட்டா, ஆறொன்பதுலதான் தப்புவா. அவ தம்பி கழித்தல்ல கடன் வாங்குனா திருப்பிக் குடுக்க மறந்துருவான். கடைக்குட்டிக்கு இந்தக் கணக்கே தெரியாது." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இது நான் இதுவரைக்கும் பார்க்காத புள்ள."

அவள் விடைத்தாளின் அடியில் எழுதினாள்: பிஸ்கோச்சோ, ஏழெட்டு ஐம்பத்தாறு. பத்துத் தடவை சொல்லிப் பார். மறுநாள் பதில் வந்திருந்தது: சொல்லிட்டேன் டீச்சர். ரொட்டிக்கு நன்றி.

அக்கரைக்குப் போய்ப் பார்க்க அவளுக்குத் துடிப்புத்தான். ஓடை விடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் தண்ணீர் குதிரையின் முழங்காலுக்கு இறங்கியபோது, அவளுக்கு முன்னால் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். வால்தேர் எச்செகராய்: உயரமானவர், கஞ்சி போட்ட சட்டை, சிரிக்காத வாய். கையில் பொன்னிறச் சட்டம் போட்ட சான்றிதழும் ஒரு பதக்கமும். இந்த மழைக்காலத்தில் மாவட்டத்திலேயே ஒருநாள்கூடத் தவறாமல் இணைப்பில் வந்த ஒரே மாணவருக்காம்.

"மாணவரைக் கூப்பிடுங்க டீச்சர். ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பறேன்."

நெலிதா நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். நான் தோர்த்தா ஃப்ரீத்தா தட்டோடு வாசலில் நின்றேன். இப்படிப்பட்ட நேரத்தில் நான் வீட்டில் இருக்கும் ஆளில்லை.

"அதோ நிக்குது ஐயா."

அவர் சன்னல் வழியாகப் பார்த்தார். "குதிரைக்குப் பின்னாலயா?"

"குதிரைதான் ஐயா."

எச்செகராய் உட்கார்ந்தார். நெலிதா ஒன்றுவிடாமல் சொன்னாள். வெள்ளம், பெட்டி, பிறந்த தேதி, கையெழுத்து, கடிதம். அவர் சான்றிதழை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். நான் தட்டை நீட்டினேன். எடுத்துக்கொண்டார், அது நல்ல அறிகுறி என்று நினைத்தேன். தவறு.

"அப்போ ஆறு பேர்தான். நீங்க நேர்மையானவங்கன்னு எழுதறேன் டீச்சர். ஆனா ஆறுன்னும் எழுதியாகணும்."

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி இதைப் பாருங்க." நெலிதா கணக்குகளைத் திறந்தாள். "குதிரை கணக்குப் போடாது. போட்டாலும் ஏழெட்டுல இப்படி மறுபடி மறுபடி ஐம்பத்திநாலு போட்டு, சொன்னதும் திருத்திக்காது. அந்தக் கொட்டகைல ஒரு புள்ள இருக்கு. என் பட்டியல்ல இல்ல, யார் பட்டியல்லயும் இல்ல. வாங்க, போய்ப் பார்ப்போம்."

இன்ஸ்பெக்டர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, விருது பெறவேண்டிய மாணவரின் முதுகிலேயே ஏறி ஓடையைக் கடந்தார். நெலிதா மாட்டுக்காரர் ஒருவரின் குதிரையில் போனாள். நானும் போனேன். எந்தக் குதிரையில் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.

கொட்டகையில் ஒலிவெராவின் மூன்று பிள்ளைகள் பெஞ்சில் இருந்தார்கள். ரோம மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு ஜோடிக் கால்கள் ஓடி ஒளிந்தன. ஒரு ஜோடி பெரியது, ஒரு ஜோடி சின்னது.

"பிஸ்கோச்சோ, ஏழெட்டு எவ்வளவு?" என்று நெலிதா மூட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

மூட்டை ஒன்று அசைந்தது. பிறகு மூட்டைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல்: "ஐம்பத்தாறு டீச்சர்."

அவள் பெயர் அனாயி தெச்சேரா, பத்து வயது. தம்பி என்ஸோவுக்கு ஆறு. மேட்டுக்கு அப்பால் யூகலிப்டஸ் மரம் வெட்டுகிற முகாமில் அப்பா வேலை. ஏப்ரலில் வந்த குடும்பம். மரமும் மேடும் மறைத்ததால் ஓடைக்கு இந்தப் பக்கம் யாருக்கும் தெரியவில்லை.

"பள்ளிக்கூடத்துக்கு ஏம்மா வரல?" இன்ஸ்பெக்டரின் குரல் அவருக்கே தெரியாமல் இறங்கியிருந்தது.

"எங்களுக்கு வெள்ளை அங்கி இல்ல. நாடாவும் இல்ல. அது இல்லாம வரக்கூடாதுல்ல?" அனாயி தரையைப் பார்த்துச் சொன்னாள். "குதிரைக்கு அங்கி தேவையில்லைன்னு மலேனா சொன்னா. அதான் குதிரை பேர்ல படிச்சோம். நான் நாலாங்கிளாஸ் பாடம் போடுவேன், இவன் எழுத்து எழுதிப் பழகுவான்."

மலேனா எழுந்து நின்றாள். "வெளியில சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினேன் டீச்சர். சத்தியத்தை மீறக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னது உண்மைதான். இனிமே சத்தியம் பண்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டுக்கோ" என்றாள் நெலிதா. விரலில் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்து அனாயியின் கழுத்தில் கட்டினாள். முடிச்சு கோணலாக வந்தது. முப்பது வருடமாகக் கட்டியும் அவளுக்கு அது நேராக வராது.

எச்செகராய் மூட்டைமேல் உட்கார்ந்து கணினியைத் திறந்தார். முகாம் எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டார். மரம் இருக்கும்வரை, மூன்று வருடமாவது ஆகும் என்றார் ஒலிவெரா. அனாயி தெச்சேரா, நான்காம் வகுப்பு. என்ஸோ தெச்சேரா, முதல் வகுப்பு. குதிரை இல்லாமலே எட்டு. பிறகு பிஸ்கோச்சோவை நீக்கப் போனார். இன்ஸ்பெக்டருக்குப் பெற்றோர் கையொப்பம் தேவையில்லை, ஆனால் காரணம் தேவை. திரையில் நான்கு காரணங்கள்: ஊர் மாற்றம், வேறு பள்ளி, நீண்ட நோய், இறப்பு.

"எதைப் போடறது டீச்சர்?"

"நாலுமே பொய் ஐயா."

குதிரை உள்ளே தலையை நீட்டி இன்ஸ்பெக்டரின் சட்டைப்பையை மோந்து பார்த்தது. மீதமிருந்த தோர்த்தா ஃப்ரீத்தா அங்கேதான் இருந்தது. அவர் அதை எடுத்துக் கொடுத்தார். கணினியை மூடினார். "இணைப்பு சரியில்லைன்னு எழுதிக்கறேன்" என்றார். அன்று முதல் முறையாக அந்த வாய் சிரித்தது. பல் நன்றாகவே இருந்தது.

பதக்கம் குதிரைக்கு, சான்றிதழ் அனாயிக்கு என்று முடிவாயிற்று. சான்றிதழில் பெயர் வேறு என்று அனாயி தயங்கினாள். "வருகை அது, கணக்கு நீ. சேர்ந்து வாங்குனதுதானே, சுவத்துல மாட்டிக்கோ" என்றாள் நெலிதா. முகாம் குடிசையில் இன்னமும் மாட்டியிருக்கிறது, பொன்னிறச் சட்டத்தோடு. இரண்டு வெள்ளை அங்கிகளை என் பழைய படுக்கைவிரிப்பை வெட்டி நானே தைத்தேன். என்ஸோவின் அங்கியில் ஒரு கை கொஞ்சம் நீளம். அவன் வளர்ந்துவிடுவான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நெலிதா போன் எடுக்கிற வேலைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் இப்போது அனாயி பாடம் நடத்துகிறாள். திரையில் படம் வரைவது எப்படி என்று போன வாரம் சொல்லிக்கொடுத்தாள். நெலிதா கழுத்தில் நாடாவோடு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு குதிரை வரைந்தாள். பெரிய நாய் மாதிரி இருந்தது. "பரவாயில்ல டீச்சர், பத்துத் தடவை போட்டுப் பாருங்க" என்றாள் அனாயி.

பிஸ்கோச்சோ ஐந்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றுவிட்டது. இயந்திரம் அதுவாகவே ஏற்றிவிட்டது. ஒன்பது மணிக்கு ஐந்து பிள்ளைகளைச் சுமந்து வந்து வாசலில் நிற்கிறது. ஐந்தும் ஒரே முதுகிலா என்று கேட்பீர்கள். நான்கு முதுகில். ஐந்தாவது எங்கே என்று நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டீர்கள்.